மலையில் இயற்கை விவசாயம்: யாரிடம் கேட்பது, யாருக்குச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை திருவான்மியூரில் ஞாயிறு காலைதோறும் கூடும் ஒரு சிறிய இயற்கைச் சந்தையில், மலைப் பொருட்களுக்கான மேசையை நானும் இரண்டு தோழிகளும் பார்த்துக்கொள்கிறோம். கொல்லிமலைச் சாமை, சிறுமலை வாழை, ஏற்காட்டு மிளகு, நீலகிரி கேரட் என்று மூட்டைகள் வந்து இறங்கும்போது கேள்விகளும் கூடவே வந்து இறங்குகின்றன. வாங்க வருபவர்கள் கேட்கிறார்கள். மலையில் நிலம் வாங்கிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்கள் கேட்கிறார்கள். மலையிலிருந்து விவசாயிகளும் போன் செய்து கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னதில், எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

சென்னையில் இருந்துகொண்டு மலை விவசாயத்தைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?

விவசாயம் செய்யக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியாது. ஆனால் தகவல் எந்த வழியாகப் போகிறது, எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். சிறுமலையில் வாழை வைத்திருப்பவரும் கொல்லிமலையில் வாழை வைத்திருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருவர் அனுப்பும் தாரும் சென்னைக்குத்தான் வருகின்றன. ஒருவர் கேட்கும் கேள்விக்கு மற்றவரிடம் விடை இருக்கிறது என்பது, இரண்டு தாரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் எங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. அந்த இருவரையும் பேசவைப்பதுதான் எங்கள் வேலை.

மலை விவசாயிகள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஒரே கூட்டமாக நினைத்துவிட வேண்டாம். கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, ஏற்காடு ஆகிய மலைகளில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் மிளகும் விளைவிக்கிறார்கள். (பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்.) சிறுமலையிலும் பழனி மலையின் கீழ்ப்பகுதியிலும் வாழை, காபி, மிளகு, ஆரஞ்சு. கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். நீலகிரியில் தேயிலையோடு கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட். தாளவாடிப் பக்கம் கேழ்வரகு. நிலம் வேறு, மொழி வழக்கு வேறு, கையிருப்பு வேறு.

சமவெளியில் நன்றாக வேலை செய்யும் முறை மலையில் ஏன் பொய்த்துப்போகிறது?

ஜீவாமிர்தம் என்ற, புளிக்கவைத்த கரைசல் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். இது ஏக்கர் கணக்கு. தமிழ்நாட்டில் இயற்கை விவசாயம் செய்யும் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். நிழலில் வைத்துத் தினமும் கலக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பயன்படுத்தலாம் என்பது வழக்கமான குறிப்பு.

அந்த இரண்டு மூன்று நாள் என்பது சமவெளிச் சூட்டின் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பிக் கிடக்கின்றன. மூன்றாம் நாள் பீப்பாயைத் திறந்தால் நுரையும் இருக்காது, புளித்த வாசனையும் வராது, சாண நாற்றம்தான் வரும். நீலகிரியில் எங்களோடு பேசும் விவசாயிகள் பீப்பாயை அடுப்படிச் சுவரை ஒட்டி வைத்துச் சாக்கு போர்த்துகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேலும் காத்திருக்கிறார்கள். இதை அவர்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னது.

அடுத்தது மண். நீலகிரி மண் இயல்பிலேயே அமில மண். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு அமிலத்தைத் தணிக்காமல் வேறு எது ஊற்றினாலும் பலன் அரைகுறைதான். சமவெளிக் குறிப்புகளில் இந்தப் பேச்சே வராது, ஏனென்றால் அங்கே பல இடங்களில் பிரச்சினை நேர் எதிர்: களர், உவர் என்று காரமும் உப்பும் மிகுந்த மண். அப்புறம் சரிவு. ஒரு பெருமழை போதும், ஆறு மாதம் சேர்த்த தொழு உரம் பள்ளத்துக்காரர் நிலத்துக்குப் போய்விடும். அதனால் மலையில் உரம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கல் வரப்பு, வெட்டிவேர், சரிவுக்குக் குறுக்கே பாத்தி, இலைதழையால் மண்ணை மூடும் மூடாக்கு என்று பேச வேண்டியிருக்கிறது. கொத்துக்காடு என்று மலையில் சொல்வார்களே, ஏர் ஓட்ட முடியாமல் கொத்தால் கொத்திப் பயிர் செய்யும் சரிவு, அங்கே 200 லிட்டர் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது? தலைச்சுமையாகக் குடம் குடமாகத்தான் போக வேண்டும். அந்தக் குடத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்.

மாடும் எல்லா வீட்டிலும் இல்லை. காட்டுமாடும் பன்றியும் மட்டும் தவறாமல் வருகின்றன.

அப்படியானால் மலையில் ஒருவருக்குத் தகவல் எங்கிருந்துதான் கிடைக்கிறது?

முதலில் சொந்தக்காரர்களிடமிருந்து. பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் இரண்டும் மலையில் பெரிய தகவல் பாதைகள். தாய்வீட்டுக்குப் போன பெண் திரும்பும்போது முந்தானையில் முடிந்து ஒரு அவரை விதை கொண்டுவருவாள்; அதை எப்போது ஊன்றுவது, எந்தப் பந்தலில் ஏற்றுவது என்ற பேச்சும் கூட வரும்.

அடுத்தது சந்தை. கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்கு ஒருமுறை விடியற்காலையில் போயிருந்தேன். பலாவும் வாழையும் மிளகும் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் பக்கத்து மூட்டைக்காரரின் மிளகைக் கையில் அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “கொடி எந்த மரத்தில் ஏறியிருக்கிறது?” என்று கேட்டார். அவர் சில்வர் ஓக் என்றார். “முருங்கையில் ஏற்றிப் பார், நிழல் குறையும்” என்றார் பெரியவர். அங்கிருந்து நிழல், கவாத்து, சென்ற ஆண்டு வாடிப்போன கொடிகள் என்று அரை மணி நேரம் பேசினார்கள். இருவருக்கும் அது பயிற்சி வகுப்பு என்று தோன்றியிருக்காது. நான் பார்த்த சிறந்த வகுப்புகளில் அது ஒன்று, ஏனென்றால் கேட்டவர் கையில் பொருளே இருந்தது.

பிறகு பஸ். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் யாரும் போவதில்லை.

வானொலிக்குத் தனி இடம் உண்டு. கொடைக்கானல் பண்பலை 100.5 மலையிலும் சமவெளியிலும் கேட்கிறது. 1993இல் தொடங்கிய, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் நிறுவனம் ‘ரேடியோ கோத்தகிரி’ என்ற சமுதாய வானொலியை நடத்துகிறது. அதில் மலைமக்கள் தங்கள் மொழிகளிலேயே பேசுகிறார்கள். இருளரும் குறும்பரும் தேனையும் பயிரையும் பற்றித் தங்கள் வாயால் சொல்லித் தங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது, வெளியூர் வல்லுநர் பேசுவதைக் கேட்பதைப் போன்றது அல்ல.

வானொலியும் தொலைக்காட்சியும் இருக்கும்போது இந்த வாய்வழிப் பேச்சு எதற்கு?

தஞ்சைப் பக்கம் வயதானவர்களிடம் ‘ரேடியோ நெல்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி எடுத்துச் சொன்ன வேகத்தில், ரகத்தின் பெயரே மக்கள் வாயில் ரேடியோ நெல் ஆகிவிட்டது. அந்த ரகமும் அதோடு வந்த உரமும் நல்லதா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது, ஒரே குரல் அத்தனை பேருக்கும் போதுமாக இருந்தது என்பதை. காவிரிப் படுகையில் ஆற்றுநீர் ஒன்று, பட்டம் ஒன்று, நிலம் கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளம்.

மலையில் ஒரு குன்றின் கிழக்குச் சரிவில் காலை வெயில் விழும். மேற்குச் சரிவில் பதினோரு மணி வரை பனி நிற்கும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தால் இரண்டிலும் ஒரே நாளில் விதைக்க மாட்டார்கள். இத்தனை வேறுபாட்டை ஒரு குரல் சுமக்க முடியாது. அதனால்தான் மலையில் எந்தக் குறிப்பைக் கேட்டாலும் “எந்த இடத்தில்?” என்பது முதல் கேள்வியாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் நிறையக் குறிப்புகள் வருகின்றனவே, நம்பலாமா?

இதற்கு நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிப்பது வழக்கம். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய முறையில் சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றோடு இளநீரும் வாழைப்பழமும் சேரும். தெளிக்கும்போது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு படம் வந்தது. பச்சைப் பின்னணி, அழகான எழுத்து. அதில் ‘டேங்குக்கு 3 லிட்டர்’ என்று இருந்தது. சதவீதத்தை யாரோ லிட்டர் ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் படித்துப் பார்க்காமல் மலை விவசாயிகள் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டோம்.

கீழ்ப்பழனி மலையில் பீன்ஸ் போட்டிருந்த ஒருவர் மூன்றாம் நாள் போன் செய்தார். “அம்மா, இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோயிருக்கிறது.” எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எவ்வளவு நிலம் என்று கேட்டேன். இரண்டு பாத்தி மட்டும் என்றார். புதிதாக எதைக் கேட்டாலும் முதலில் ஓரத்தில் இரண்டு பாத்தியில் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. அந்த அப்பாவின் சொல்தான் அவரைக் காப்பாற்றியது. அன்றே நாற்பது பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து திருத்தினோம்.

அதற்குப் பிறகு எழுத்துப் படம் எதையும் நாங்கள் அனுப்புவதில்லை. செய்து பார்த்தவர் தன் குரலில் சொன்னால் மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். மேல்மலைக் கிராமங்களில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது சிரமம் என்பதாலும் குரல் பதிவு உதவுகிறது. சிக்னல் கிடைக்கும் பாறை என்று ஊருக்கு ஒன்று இருக்கும். மாலையில் அதன் மேல் நின்று கேட்டுக்கொள்கிறார்கள். வரும் பதிவுகளில் பாதிக்குக் காற்று இரைகிறது.

ஒரு குறிப்பு நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொன்னவரிடம் திருப்பிக் கேளுங்கள். உங்கள் நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்த சரிவு, செய்தபோது மழையா பனியா, எத்தனை பாத்தியில் செய்தீர்கள், செய்யாமல் விட்ட பாத்தி எப்படி இருந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். எல்லாப் பாத்தியிலும் தெளித்துவிட்டு “நன்றாக வந்தது” என்றால், தெளித்ததால் வந்ததா, அந்த ஆண்டு மழையால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

உயரம் மீட்டரில் தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் என்ன விளைகிறது என்று கேளுங்கள். காபியும் மிளகும் ஆரஞ்சும் என்றால் நடுமலை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் பூண்டும் என்றால் மேல்மலை. அது போதும்.

தோற்றதையும் சொல்பவரை நான் அதிகம் நம்புகிறேன்.

அரசுத் தரப்பில் என்ன வழிகள் உள்ளன?

கட்டணமில்லாத உழவர் அழைப்பு மையம் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். 2018இல் வந்த ‘உழவன்’ செயலியில் மானியம், சந்தை விலை, வானிலை பார்க்கலாம். பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் பெயரில் இயற்கை வேளாண் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அரசு ஏடுகளில் இயற்கை விவசாயம் ‘அங்கக வேளாண்மை’ என்றே இருக்கும். மனு எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் உரிய மேசைக்கு விரைவில் போகும்.

போன் செய்யும்போது “வாழையில் நோய்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மலை வாழை என்றும், எந்த மலை என்றும் முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிடைப்பது சமவெளி வாழைக்கான பதிலாக இருக்கும்.

நம்மாழ்வார் வழியா, பாலேக்கர் வழியா?

இந்தக் கேள்வி மேசைக்கு முன்னால் சண்டையாகவே வந்திருக்கிறது. நம்மாழ்வார் அரசு வேளாண் பண்ணை வேலையை விட்டு வெளியே வந்து, ஊர் ஊராக நடந்து, கேட்டுக் கேட்டுப் பேசியவர். கரூர் மாவட்டம் கடவூர் அருகே அவர் அமைத்த வானகம், 2013 டிசம்பர் 30 அன்று அவர் மறைந்த பிறகும் பயிற்சி கொடுத்து வருகிறது. சுபாஷ் பாலேக்கர் மகாராஷ்டிரத்துக்காரர். 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெளியிலிருந்து எதையும் வாங்காமல் ஜீவாமிர்தம், விதை நேர்த்திக்கான பீஜாமிர்தம், மூடாக்கு ஆகியவற்றால் விவசாயம் செய்யும் முறையைப் பரப்பியவர். எனக்குத் தெரிந்த மலை விவசாயிகள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள், கைக்கு எட்டாததை விட்டுவிடுகிறார்கள். நம்மாழ்வாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் கேட்ட விதம். சொல்வதற்கு முன் கேட்பார்.

விதைகள் எப்படிக் கைமாறுகின்றன?

மலையில் விதைதான் பழைய புத்தகம். கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று வகை வகையாக இருந்தன. மரவள்ளிக்கு நல்ல காசு கிடைக்கத் தொடங்கியதும் சாமைக் காடுகள் சுருங்கின. இன்னொரு காரணம், எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காதது, சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை. தோள் கழன்றுவிடும். சென்னைத் தரமணியில் 1988 முதல் இயங்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் ஊர் விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கொண்டுபோனது. விதையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசிவிட்டு, குத்தும் கையைப் பற்றிப் பேசாமல் விட்டால் விதை தங்காது என்பதை அங்கே புரிந்துகொண்டேன்.

விதை வங்கியின் கணக்கு பல இடங்களில் ஒன்றுதான்: எடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோ கொண்டுவர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்தக் கணக்கு இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. திருப்பிக் கொடுக்க வரும்போது பேச்சும் வருகிறது: எப்போது விதைத்தாய், எத்தனை நாளில் கதிர் வந்தது, குருவி எவ்வளவு தின்றது.

விதையோடு நோயும் வருமா?

வரும். நல்ல மனதோடு கொடுத்த கன்றால் ஒரு மலையே கெடலாம்.

சிறுமலை வாழைக்கும் விருப்பாட்சி வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது விருப்பாட்சி. இந்த இரண்டையும் அரை நூற்றாண்டாக வாட்டி வருவது முடிக்கொத்து நோய். வைரஸால் வருவது, அசுவினிப் பூச்சி பரப்புகிறது, நோயுள்ள தாய் மரத்தின் பக்கக் கன்றில் பிறவியிலேயே இருக்கும். ஒரு கன்றை ஆசையாக அக்கா வீட்டுக்குக் கொடுத்தால் நோயையும் கொடுத்தாயிற்று.

எங்களுக்கு இதைக் காட்டியவர் சிறுமலையில் ஒரு விவசாயி. ஓர் இலைக் காம்பை ஒடித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். வெளிர் பச்சையில் கரும்பச்சைக் கோடுகள், சிறியதும் பெரியதுமாக, பேனா முனையால் விட்டு விட்டுக் கீறியதுபோல. “மரம் குட்டையாகிக் கொண்டை கட்டிக்கொண்டால் ஊருக்கே தெரியும் அம்மா. அதற்கு முன்னால் தெரிவது இது மட்டும்தான்” என்றார். அந்தக் காம்பைச் சென்னைக்குக் கொண்டுவர அவர் சம்மதிக்கவில்லை. வெட்டிய மரத்தோடு சேர்த்து அங்கேயே அழித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டேன். கன்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் அந்தப் படத்தைத்தான் அனுப்புகிறோம். வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. புதிதாக நடுபவர்கள் அதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

உருளைக்கிழங்கிலும் இதே கதை. நீலகிரியில் 1961இல், வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. விதைக் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு போகும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே தானிய விதையைத் தாராளமாகப் பகிருங்கள். கிழங்கு, கன்று, வேரோடு கூடிய செடி ஆகியவற்றை மலை விட்டு மலை அனுப்பாதீர்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன். மேசைக்கு வந்து கேட்டாலும் மறுத்துவிடுவேன்.

பெண்களிடம் இருக்கும் அறிவு ஏன் வெளியே வருவதில்லை?

வருகிறது, கேட்பவர்கள் ஆண்களைக் கேட்பதால் காதில் விழுவதில்லை. பயிற்சிக்கு அழைப்பு வந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் போகிறார். விதையைச் சாம்பல் கலந்து மண்பானையில் மூடிவைத்தவர் வீட்டில் இருக்கிறார்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் அக்காவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மகளின் பழைய கணக்கு நோட்டு. ஓரங்களில் மஞ்சள் கறை. ஒரு பக்கத்தில் மகளின் பெருக்கல் கணக்கு, எதிர்ப்பக்கத்தில் அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியது: எந்த நாளில் முதல் மழை, என்றைக்குச் சாமை தூவியது, நொச்சி இலை எத்தனை கை, எந்தப் பானையில் வண்டு விழுந்தது. ஆறு ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “வண்டு விழுந்த பக்கத்தையும் சேர்த்து எடு” என்றார்.

பழங்குடி மக்கள் சொன்னதை எழுதி வெளியிடலாமா?

கேட்காமல் கூடாது. மருந்துச் செடி, தேன் எடுக்கும் இடம், காட்டுக் கிழங்கு பற்றியவற்றை நாங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை, சொன்னவர் அனுமதித்தாலும். ஊரே சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை அவை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி உள்ளாட்சி அளவில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வழி இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உள்ள உரிமையை உறுதி செய்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்க மட்டும் கூடாது. சொன்னவர் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்பதையும் அவரையே கேளுங்கள்.

சான்றிதழ் இல்லாமல் விற்கும் மலைப் பொருளை நம்பி வாங்கலாமா?

சிறு விவசாயிகளுக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்துச் சான்று சொல்லும் ஏற்பாடு. எனக்கு இதில் பிடித்தது சான்றிதழ் அல்ல, அந்தப் போய்ப் பார்த்தல். வேலி தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் நடக்க இது ஒரு காரணம் கொடுக்கிறது. நடந்தால் கேள்வி வருகிறது. ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு மேல் விற்பனை இல்லாத சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எங்கள் மேசைக்கு வருபவர்களில் பலர் இந்த வகை. சந்தேகம் இருந்தால் விளைவித்தவரோடு போனில் பேச வைக்கிறோம்.

உங்கள் கேரட் ஏன் மண்ணோடு வருகிறது?

நீலகிரியில் கேரட்டை இயந்திரத்தில் கழுவிப் பளபளவென்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவார்கள். கழுவிய கேரட் சீக்கிரம் வாடும். மண்ணோடு வந்தால் நாள் தாங்கும். வீட்டில் கழுவிக்கொள்ளுங்கள்.

மாடித் தோட்டத்துக்கு மலைக் குறிப்புகள் பயன்படுமா?

பெரும்பாலும் பயன்படாது. சென்னை மாடியில் மேமாத வெயிலும் உப்புக் காற்றும். பக்கத்துத் தெரு மாடிக்காரரைக் கேளுங்கள்.

மலைக்கு நேரில் போய்க் கற்றுக்கொள்ளலாமா?

போகலாம், வேலை நாளில் போய் நிற்காதீர்கள். விதைப்பு, அறுப்பு நாட்களில் வரும் விருந்தாளிக்குச் சோறு போடுவதே அவர்களுக்கு ஒரு நாள் வேலை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. போனால் இரண்டு நாளாவது தங்கிக் களை எடுங்கள், கொத்துங்கள். கேள்விகள் தானாக வரும். இயற்கை விவசாயம் கற்க வேண்டும் என்று வந்து படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி மலையில் வருத்தத்தோடு பேசுகிறார்கள். திரும்பிய பிறகு அந்தப் படங்களையாவது அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

நான் செய்து பார்த்ததை மற்ற மலைக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது?

இரண்டு நிமிடக் குரல் பதிவு போதும். ஊர், சரிவு, பயிர், நாள், அளவு, என்ன ஆனது. அழகாகப் பேச வேண்டாம். சென்ற ஆவணியில் கொல்லிமலையிலிருந்து வந்த ஒன்றை, சொன்னவரின் அனுமதியோடு, எழுத்தில் தருகிறேன்:

“சோளக்காட்டுக்கு மேலே, கிழக்குச் சரிவு. மிளகுக் கொடி இருபது. பத்துக்கு வேரைச் சுற்றி இலை மூடாக்கு போட்டேன், கொடியை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. பத்தை அப்படியே விட்டேன். ஆடியில் நல்ல மழை. விட்டதில் மூன்று கொடி இலை மஞ்சளாகிவிட்டது. மூடாக்குப் போட்டதில் ஒன்று. அந்த ஒன்று ஏன் என்று தெரியவில்லை, அங்கே தண்ணீர் நிற்கிறதோ என்று பார்க்கிறேன். மழை விட்டதும் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

ஏற்காட்டிலும் சிறுமலையிலும் மிளகு வைத்திருக்கும் பதினேழு பேருக்கு இதை அனுப்பினோம். இரண்டு பேர் அன்று மாலையே தங்கள் கொடிகளின் அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் பேசினார்கள்.